அதே இல்லை

தங்கச்சிமடத்தில் இரவு பதினொன்றுக்கு மேல்
என் ஸ்டுடியோவில் கல்யாணங்கள் முடிந்துவிடும்.
கடைசி மாப்பிள்ளைக்குப் பின்னால்
நான் பறக்கவிட்ட புறாக்களை
ரெண்டருக்கு அனுப்பி, முகம் கழுவி வருவேன்.
அதுவும் முடிந்து
கார்டு சும்மா இருக்கும்.

மதுரையில் வாங்கியது,
காயின் தோண்டிச் சலித்துப்போன ஒருவனிடம்
பாதி விலைக்கு.
மூன்று விசிறிகளில் ஒன்று அப்போதே இருமியது.

சும்மா இருப்பதை
வானத்துக்குக் கொடுத்தேன்.
இப்படிச் சொன்னால் பெரிதாகத் தெரிகிறது.
நடப்பது இவ்வளவுதான்:
எங்கோ ஒரு ராட்சத ரேடியோ தட்டு
கேட்டுவைத்த இரைச்சலில்
ஒரு துண்டு எனக்கு வரும்.
அதற்குள் ஏதாவது ஒரு விண்மீன்
தாளம் தப்பாமல் துடிக்கிறதா என்று
கார்டு துழாவும்.
நாற்பது நிமிடம். திருப்பி அனுப்பும். அடுத்தது.

மீட்டர் பார்க்க வந்த முத்துராமு
எழுநூற்றுப் பன்னிரண்டு என்று குறித்துவிட்டு
கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார்.
‘ஏசி போட்டாச்சா?’
இல்லை என்றேன்.
‘அப்ப உள்ள என்னதான் காயுது?’

காய்வது கிராசியனின் ஜீன்ஸ்.
வாடை அடிக்கிற மாதங்களில்
விசைப்படகு போகாத நாளாகப் பார்த்து
கேபினட்டுக்குப் பின்னால் விரித்துவிட்டுப் போவான்.
காலையில் மொறுமொறுவென்று இருக்கும்.
‘நட்சத்திரம் எனக்கு இஸ்திரி போடுது மைனி.’

உப்புதான் பகை.
ஜன்னலைச் சாத்தினாலும் வரும்.
மாதம் ஒருமுறை கார்டைக் கழற்றி
அலுமினியத் தகடுகளின் இடுக்கில்
வாட்டர்கலர் பிரஷ்ஷை விடுவேன்.
வெள்ளையாக உதிரும்.
ஒருமுறை நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
ஆமாம், கடல்தான்.

கார்த்திகையில் புயல் ஒதுங்கிய இரவு
அறுபத்தொரு சதவீதத்தில் கரண்ட் போனது.
யுபிஎஸ் ஆறு நிமிடம் கத்தி ஓய்ந்தது.
பாலத்துக்கு அந்தப் பக்கம் கம்பங்கள் சாய்ந்து
மூன்று நாள்.
மெழுகுவத்தி வெளிச்சத்தில் கஞ்சி காய்ச்சினேன்.
படகுகளை எண்ணினார்கள், சரியாக இருந்தது.
அப்புறம்தான், கொஞ்சம் வெட்கத்தோடு,
அந்த அறுபத்தொன்றை நினைத்தேன்.

கரண்ட் வந்ததும்
விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொண்டது.
கெடுவுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

ஒரே துண்டை இரண்டு பேருக்குக் கொடுப்பார்கள்.
என் விடையை அப்படியே நம்ப மாட்டார்கள்.
நியாயம்தான், உப்புத் தின்ற கார்டு.
வேறு யாரோ அதையே துழாவி
இரண்டும் பொருந்தினால்தான் கணக்கில் ஏறும்.
அந்த யாரோவுக்கு எனக்குத் தெரிந்து பெயர் இல்லை,
ஒரு எண் மட்டும்.
டிசம்பரில் மளமளவென்று முடிக்கும் எண்.
ஜூலையில் காணாமல் போய்விடும்.
பனி விழும் ஊரில்
அறையைச் சூடாக்க அதுதான் அடுப்போ என்னவோ.

புயல் துண்டுக்கு அந்த எண்
முன்பே பதில் தந்திருந்தது.
அது நான்கு நாள் எனக்காகக் கிடந்தது.
என்னுடையதும் போய்ச் சேர, ஒப்பிட்டார்கள்.
பொருந்தியது.
ஒன்றும் இல்லை.

அந்த இம்மியளவு வானத்தில்
துடிப்பது எதுவும் இல்லை என்று
நானும் நான் பார்த்தேயிராத ஓர் ஆளும்
தசமப் புள்ளிக்குப் பின்னால் வெகுதூரம் வரை
ஒரே மாதிரி சொல்லியிருந்தோம்.
இந்த வீட்டில் எந்த இல்லைக்கும்
இப்படி ஒரு சாட்சி கிடைத்ததில்லை.

மறுநாள் ஒரு ஞானஸ்நான வீடியோ.
அதை முடித்தால்தான் கரண்ட் பில்.
தண்ணீர் பட்டுக் குழந்தை வீறிட்ட இடத்தை
வெட்டிவிடச் சொல்லியிருந்தார்கள்.
வெட்ட மனசு வரவில்லை,
சத்தத்தை மட்டும் குறைத்தேன்.
மேசைக்கு அடியில்
மூன்றாவது விசிறி இருமிக்கொண்டு கிடந்தது.